வீடுகள் பெருகும் ஊரில் ஆட்கள் குறைவது ஏன்? யாழ்ப்பாணப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், வெள்ளவத்தை

கொழும்பின் வளர்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கொழும்பில் நின்றுகொண்டே எழுதுகிறார்கள். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் 2 கோடி 3 இலட்சம் மக்களில் 58 இலட்சத்துக்கும் அதிகமானோர் மேல் மாகாணத்தில் வாழ்ந்தனர். நாட்டின் நிலப்பரப்பில் அம்மாகாணத்தின் பங்கு 6 சதவீதத்தைக்கூட எட்டாது. மக்கள் வந்து சேர்ந்த இடத்தின் நெருக்கத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அவர்கள் விட்டுப் புறப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்று நாம் பேசுவதில்லை. புவியியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையிலும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்ற வகையிலும் எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் குறை. ஆகவே இந்த விடுமுறையில் புறப்பட்ட இடங்களையே பார்த்து வருவது என்று தீர்மானித்து, இரவு பஸ்ஸில் இடம் பதிவு செய்தேன்.

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குக் காத்திருப்போரின் பொதிகளைப் பார்த்தாலே பாதிக் கதை விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஒடியல் மாவும் முருங்கைக்காயும் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் இறங்குகின்றன; போகும் பஸ்ஸில் மருந்துகளும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்துவிட்ட சொக்லேட்டும் உடுப்பும் ஏறுகின்றன. அரசாங்க உத்தியோகம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்தவர்கள் குடியேறிய இப்பகுதி, 1958 இலும் 1983 இலும் நடந்த தமிழர் எதிர்ப்பு வன்செயல்களில் அடித்து விரட்டப்பட்டவர்களைக் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பிவைத்த பகுதியும்தான். எனினும் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். தொண்ணூறுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்காக ஏஜென்சிக்குப் பணம் கட்டிவிட்டு லொட்ஜுகளில் மாதக் கணக்காகக் காத்திருந்த குடும்பங்களையும், பிற்பாடு அவர்கள் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட தொடர்மாடி வீடுகளையும் கண்ட தெருக்கள் இவை.

பயணத்துக்கு முன்னர், புவியியலாளர் ராவன்ஸ்டைன் 1885 இல் வெளியிட்ட இடப்பெயர்வு விதிகளை மீண்டும் படித்தேன். இங்கிலாந்தின் 1881 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்த அவர், மக்கள் பெரும்பாலும் குறுகிய தூரமே பெயர்கிறார்கள் என்றும், வளரும் நகரைச் சூழ உள்ள கிராமத்தவர் முதலில் நகருக்குள் நுழைய அவர்கள் விட்ட வெற்றிடத்தை அதற்கும் அப்பால் உள்ளவர்கள் வந்து நிரப்புகிறார்கள் என்றும் சொன்னார். இவ்விதியின் இரண்டாம் பகுதிதான் எனக்குக் கேள்வியாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வெற்றிடம் நிரம்பியதா?

புதன், யாழ்ப்பாண நகரம்

விடியற்காலையில் பஸ் நிலையத்தில் இறங்கினேன். நகரின் மையத்துக்கு ஆட்கள் குறைந்துபோன தோற்றமே இல்லை. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகள் திறக்கும் முன்பே சந்தியில் வாகனங்கள் நெருக்கியடிக்கின்றன. ஆனால் எண்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. 1981 இல் மாநகர சபை எல்லைக்குள் ஏறத்தாழ 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012 இல் ஏறத்தாழ 88 ஆயிரம். அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் கொழும்பும் கம்பகாவும் எந்த அளவுக்குப் பெருத்தன என்பதை நினைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். காலையில் நிறைவதாகத் தோன்றும் நகரம், சூழவுள்ள ஊர்களிலிருந்து பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து மாலையில் திரும்பிப் போகிறவர்களால் நிறைகிறது.

இதே சுருக்கத்தை இன்னோர் அளவுகோலும் காட்டுகிறது. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015 இல் அவை 7 ஆகின. 2024 இல் 6 ஆகிவிட்டன. ஆசனங்கள் வாக்காளர் இடாப்பின்படி பகிரப்படுவதால், ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீக்கப்படும்போது ஊரின் குரலும் சேர்ந்தே குறைகிறது. போனவர் தம் பிள்ளையின் நலத்தை எண்ணிப் போகிறார். அதன் விலையில் ஒரு பங்கை, போகாதவரும் கொடுக்கிறார். இதைப் பற்றி நம் ஊரில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் துணிபு.

பகல் உணவு மலாயன் கபேயில். அக்கடையின் பெயரே ஒரு பழைய இடப்பெயர்வை நினைவூட்டுகிறது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனும் ஏனைய மிஷன்களும் நிறுவிய ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இங்கே போதிய வேலை இல்லாதிருந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ரயில் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தார்கள். அவர்கள் மாதந்தோறும் அனுப்பிய காசால் ஊரில் கல்வீடுகள் எழுந்தன. 1905 இல் கொழும்பு ரயில் பாதை காங்கேசன்துறை வரை முழுமையடைந்த பிறகு கொழும்பு உத்தியோகமும் அதே தடத்தில் வந்தது. மணியோடர் பொருளாதாரம் என்று இதைக் குறிப்பிடுவார்கள். அக்காலத்தில் போனவர்களில் கணிசமானோர் ஓய்வூதியத்துடன் ஊருக்கு மீண்டார்கள் என்பது, பின்னால் நடந்தவற்றோடு ஒப்பிடும்போது முக்கியமான வேறுபாடு.

மாலையில் சோனகத் தெருப் பக்கம் நடந்தேன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவுப்படி, சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இராணுவம் முன்னேறியபோது வலிகாமத்தின் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். இரண்டாவதைப் பற்றி நம்மவர்கள் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார்கள். முதலாவதைப் பற்றியும் அதே அளவு எழுதும் கடமை நமக்கு உண்டு. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறையில் ஒரு பகுதியினர் இங்கே வந்து கடை வைத்திருக்கிறார்கள். குடும்பமோ அங்கே இருக்கிறது.

வியாழன், புங்குடுதீவு

பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை வழியாகப் போய், கடலுக்கு நடுவே நீளும் வாணர் தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. இந்தப் பயணத்தில் நான் மிக அதிக நேரம் செலவிட்ட இடம் இதுதான்.

தீவுப்பகுதியின் பெயர்வு போரோடு தொடங்கியதன்று. மழையை நம்பிய மண்ணும் உவர்த்த கிணறுகளும் இங்கே பயிர்ச்செய்கைக்கு என்றுமே எல்லை வகுத்திருந்தன. ஆகவே புங்குடுதீவாரும் காரைநகராரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை திறந்தார்கள். ஒருவர் முதலில் போய்க் கடை போடுவார். பிறகு தம்பியையும் மருமகனையும் அழைத்துக் கணக்கெழுத வைப்பார். அவர்கள் பிற்பாடு தனிக்கடை போடுவார்கள். இப்படி ஊரே ஒரு தெருவுக்குப் பெயர்ந்தது. 1983 இல் அக்கடைகளிற் பல எரிந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது ஊரில் எஞ்சியிருந்தவர்களும் படகேறினார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் ராவன்ஸ்டைனின் விதியில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிராமத்திலிருந்து சிறு பட்டினத்துக்கும், அங்கிருந்து தலைநகருக்கும், பிறகு நாடு கடந்தும் என்று படிப்படியாக ஏற வேண்டியவர்கள், நடுப்படிகளில் நிற்க முடியாமல் நேரே பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இறங்கினார்கள். படிப்படியான பெயர்வு அங்கே போன பிறகுதான் ஆரம்பித்தது. கனடாவில் எண்பதுகளில் மொன்றியலில் இறங்கிய பலர் ரொறன்ரோவுக்கு மாறினார்கள். ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் ஆரம்பித்தவர்கள் மார்க்கம், பிரம்ரன் நகரங்களில் வீடு வாங்கினார்கள். ஜேர்மனி, ஒல்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளில் குடியுரிமை பெற்றவர்களில் ஒரு பகுதியினர், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகவும் உறவினர் சூழ வாழ வேண்டும் என்பதற்காகவும் இலண்டனுக்குப் பெயர்ந்தனர். பெருநகரங்களுக்கிடையிலான இந்த இடப்பெயர்வுகள் வேலைவாய்ப்பை மட்டும் பின்பற்றவில்லை. அந்த நகரில் நம் ஊரார் எத்தனை பேர், கோயில் இருக்கிறதா, கலியாணத்துக்குச் சபை சேருமா என்பதும் சேர்ந்தே தீர்மானித்தன.

இனி, வெற்றிடம். கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் சற்று நேரம் நின்றேன். மதில் புதிது, பச்சை நிற இரும்புக் கேற்றில் பித்தளைப் பூட்டு தொங்குகிறது. கேற்றுக்கும் வீட்டுக்கும் இடையே சதுரக் கல் பதித்த முற்றம். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள். மேல்மாடி ஜன்னல்களில் ஒட்டியிருந்த கடைக்காரரின் பெயர்த்தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. தூணொன்றின் உச்சியில் சிறிய கமரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் யாரோ ஒரு நாட்டில் ஒருவர் என்னைப் பார்த்திருக்கவும் கூடும். வலப்பக்கத்து வளவில் கூரையற்ற பழைய வீடு. அதன் நடுக்கூடத்தில் வேம்பு ஓராள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது.

சாவியோடு வந்த பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். அடுத்த ஒழுங்கையில் வசிக்கிறார். தினமும் பின்னேரத்தில் வந்து சாமி அறையில் விளக்கேற்றி, பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுப் போவார். "ஆவணியிலை வந்து பாருங்கோ தம்பி, இந்த வீட்டிலை படுக்க இடம் இராது. மற்ற மாசங்களிலை விளக்கு வைக்கிறதுக்கு மட்டும்தான் நான் வாறனான்" என்றார். அவரையே அங்கு குடியிருக்கச் சொன்னால் என்ன என்று கேட்டேன். "அது சரிவராது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சரிவராததற்குக் காரணங்கள் சட்டத்தில் இருக்கின்றன. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளரின் உரிமைக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆட்சி செய்தவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு 2016 இல் விசேட சட்டம் பாதுகாப்பளித்தாலும், வெளிநாட்டில் இருப்பவர்களின் அச்சம் தீரவில்லை. வாடகைக்குக் கொடுக்கலாம் என்றால், 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் குடியிருப்பவரை வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்ற பேச்சு ஊரில் பரவலாக உண்டு. விற்கலாம் என்றால், பெரும்பாலான காணிகள் சகோதரர்களுக்குப் பிரிபடாத பங்குகளாக இருக்கின்றன. ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் காணாமல் போனவர். எல்லோரிடமும் அற்றோர்னித் தத்துவம் என்னும் அதிகாரப் பத்திரம் பெற்றுக் காணி உறுதி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும். இவற்றோடு யாழ்ப்பாணத்துச் சீதன வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே வீடு பொதுவாக மகளின் பெயரில் எழுதப்படுகிறது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்குச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. அந்த மகள் திருமணமாகி நோர்வேக்கோ கனடாவுக்கோ போனால், வீடு அவளுடைய பெயரில் இங்கேயே நிற்கிறது.

இங்கிலாந்தின் கிராமத்துத் தொழிலாளி நகருக்குப் போனபோது அவன் விட்டுச் சென்றது ஒரு வேலையையும் ஒரு வாடகைக் குடிலையும். அவற்றை இன்னொருவன் எடுத்துக்கொள்ள முடிந்தது. யாழ்ப்பாணத்தான் விட்டுச் செல்வது உறுதி எழுதப்பட்ட வளவை. ஆகவே ஆள் போன பின்னும் அந்த இடம் காலியாவதில்லை. கடல் கடந்து வரும் காசால் அதன் மீது புதிய மாடி எழும்புகிறது. அயலில் உள்ள பள்ளிக்கூடமோ பிள்ளைகள் இல்லாமல் வகுப்புகளைக் குறைக்கிறது. ஊர்ச் சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் மனமுவந்து பணம் அனுப்புகின்றன. அவர்களுடைய பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் காணியற்ற குடும்பம் ஒன்று பயமின்றிக் குடியிருக்கத்தக்க ஓர் ஒப்பந்த முறையை அச்சங்கங்களே முன்னின்று வகுத்தால், அது இன்னொரு கோபுரத்தைவிட ஊருக்குப் பயன் தரும்.

வெள்ளி, மயிலிட்டி

இங்கே வெற்றிடத்தை நிரப்பியது இராணுவம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. வடக்கின் முக்கிய மீன்பிடித் துறைகளில் ஒன்றான மயிலிட்டி 2017 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளை மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் நலன்புரி முகாம்களில் கழித்தவர்கள் உண்டு. துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த முதியவர், தாம் திரும்பி வந்ததாகவும், முகாமில் பிறந்த மகன்மார் கட்டட வேலைக்கும் முச்சக்கர வண்டிக்கும் பழகிவிட்டதால் சுன்னாகத்துக்கு அண்மையிலேயே தங்கிவிட்டதாகவும் சொன்னார். காணி மீண்டும் கிடைத்துவிட்டது. அந்தக் காணியில் செய்துவந்த தொழில் அடுத்த தலைமுறையின் கையில் இல்லை.

சனி, திருநெல்வேலி

யாழ்ப்பாணத்தில் நிரம்பிக்கொண்டிருக்கும் இடம் எது என்று கேட்டால் இப்பகுதியைச் சொல்ல வேண்டும். பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் 1974 இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கொக்குவில், கோண்டாவில் வரைக்கும் வீடுகளின் பின்புறத்தில் அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் மாணவர்கள், வங்கிகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் இந்த அறைகளில் இருக்கிறார்கள். மாணவரிடம் வாடகைக்கு விடுவதில் ஊரவர்க்கு அச்சமில்லை. சில ஆண்டுகளில் அவர்கள் போய்விடுவார்கள் என்பது உறுதி. நிலத்தின் விலை பரப்புக்கணக்கில் (பரப்பு என்பது யாழ்ப்பாணத்து நில அளவை) ஏறுவதால் பெரிய வளவுகள் உடைந்து இரண்டு மூன்று பரப்புத் துண்டுகளாகின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும், சில அடி தூரத்தில் ஒரு மலக்குழியும் அமைகின்றன. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஒன்றின் நீர் மற்றொன்றில் கசிவதைத் தடுக்க அதனால் முடியாது. ஆட்கள் குறைந்த மாவட்டத்திலும் நகர நெருக்கத்தின் கேடுகள் வரும் என்பதற்கு இதுவே சான்று.

வீதியின் இருமருங்கிலும் டியூட்டரிகளின் விளம்பரங்களுக்கு அருகில் ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலத் தேர்வு வகுப்புகளின் பலகைகள் தொங்குகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாடு முழுவதிலுமிருந்து 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றார்கள். அவ்வலையில் இங்குள்ள பட்டதாரிகளும் அள்ளுண்டார்கள். பல்கலைக்கழக அனுமதியைக் கடினமாக்கிய எழுபதுகளின் தரப்படுத்தல் ஒரு தலைமுறை மாணவரை இங்கிலாந்துக்குத் தள்ளியது. இன்று பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் படித்து முடித்தவரே புறப்படுகிறார். ஊரில் வேலை இல்லாமல் வெளியேறுவோரை விட, வேலை இருந்தும் அதில் மேலே ஏற வழி இல்லாமல் வெளியேறுவோரைச் சந்தித்தபோதுதான் எனக்கு மிகுந்த கவலை உண்டாயிற்று.

ஞாயிறு, கிளிநொச்சி

ஆனையிறவைக் கடந்து தெற்கே வந்தேன். கிளிநொச்சியும் யாழ்ப்பாணத்தவரின் இடப்பெயர்வால் உருவான பட்டினம்தான். குடாநாட்டின் நில நெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் தீர்வாக, 1930களிலிருந்து இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. உருத்திரபுரத்திலும் வட்டக்கச்சியிலும் காடு வெட்டியவர்களில் தீவுப்பகுதியாரும் உண்டு. 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத் தமிழர்கள் வந்து தருமபுரம் போன்ற இடங்களில் கொட்டில் போட்டார்கள். குடியேற்றக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றை நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ முடியாது. பயிர் செய்யாமல் கைவிட்டால் பத்திரம் இரத்தாகலாம். பூட்டிய வீடு இங்கே அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். 2009 இல் முழு மாவட்டமும் வெறுமையாகி, மக்கள் வவுனியாவில் மெனிக் பாமில் அடைக்கப்பட்ட பின்னரும், திரும்பி வந்து விதைத்தவர்கள் இவர்கள்.

யாழ்ப்பாணத்தின் குடிநீர்க் குறையை இரணைமடு நீரால் தீர்ப்பதற்குத் திட்டம் வகுக்கப்பட்டபோது, இங்குள்ள விவசாயிகள் எதிர்த்தனர். அதன் விளைவாக வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவ்விவகாரத்தை யாழ்ப்பாணத்தில் சிலர் நன்றியின்மை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது நியாயமற்ற பேச்சு. கோடைக்கால நெற்செய்கையான சிறுபோகத்தில் குளத்தின் கீழுள்ள வயல்கள் முழுவதற்கும் நீர் போதாமல், எவ்வளவு விதைப்பது என்று ஆண்டுதோறும் கூடிப் பேசித் தீர்மானிப்பவர்கள் அவர்கள்.

வட்டக்கச்சியில் வாய்க்கால் கரையில் ஒரு விவசாயியைச் சந்தித்தேன். அவருடைய பாட்டனார் நெடுந்தீவிலிருந்து வந்தவர். மூத்த மகன் வயலோடு இருக்கிறான். மகள் அறிவியல் நகரில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். இளையவன் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிறான். அங்கே கிணற்று நீரைக் குடிக்க அஞ்சிப் போத்தல் தண்ணீர் வாங்குகிறானாம். குளத்து நீர் அவனுக்கும் தேவைப்படுமே என்றேன். மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டுச் சற்று யோசித்துச் சொன்னார்: "அவன் அங்கை இருப்பானோ, கொழும்புக்குப் போவானோ, கனடாவுக்குப் போவானோ எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. மூத்தவன் இங்கைதான் இருப்பான், அவனுக்கு இந்தத் தண்ணிதான் இருக்கு. கடல் தண்ணியைச் சுத்தம் செய்து அவங்களுக்குக் குடுக்கினம் எண்டால் எனக்குச் சந்தோசம். அதைக் கெதியாய்க் கோண்டாவில் பக்கம் கொண்டு வரட்டும்."